மென்பொருள் சிந்தசைசர்: வரலாறும் தேர்வு முறையும்

மென்பொருள் சிந்தசைசர் என்பது இசையொலிகளைக் கணக்கீட்டின் மூலம் உருவாக்கித் தரும் கணினி நிரலாகும். தமிழில் சிந்தசைசர் என்ற சொல் பெரும்பாலும் மின்னிசைக் கீபோர்டைக் குறிக்கவே வழங்குகிறது. ஆனால் கட்டைகள் அக்கருவியின் ஒரு பகுதி மட்டுமே. ஒலியை உண்டாக்குவது உள்ளே இருக்கும் மின்சுற்று. அந்த மின்சுற்றின் வேலையைக் கணினியின் மையச் செயலி ஏற்றுக்கொள்ளும்போது அது மென்பொருள் சிந்தசைசர் எனப்படுகிறது.

இவ்வகை மென்பொருள்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒலியின் இனிமையை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இக்கருவியின் வரலாற்றை அறிந்தவர்கள் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கட்டையை அழுத்தும் கணத்துக்கும் ஒலி கேட்கும் கணத்துக்கும் இடையிலான நேரத்தைச் சுருக்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ஒலிப்பதிவுக் கூடத்தில் சிறப்பாக இயங்கும் மென்பொருள் மேடையில் காலை வாரிவிடுவதற்கும் பெரும்பாலும் இந்த நேரமே காரணம்.

எண்களிலிருந்து ஒலி

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதனைச் சீரான இடைவெளிகளில் அளந்தால் எண்களின் வரிசை ஒன்று கிடைக்கும். குறுந்தகட்டில் ஒரு வினாடி ஒலி, ஒவ்வொரு தடத்துக்கும் 44,100 எண்களாகப் பதிவாகிறது. இரு தடங்கள் கொண்ட மூன்று நிமிடப் பாடலுக்கு 1,58,76,000 எண்கள் தேவை. ஒலிப்பதிவில் இந்த எண்கள் மைக்கிலிருந்து கிடைக்கின்றன. சிந்தசைசர் மென்பொருளில் ஒவ்வோர் எண்ணையும் நிரலே கணக்கிட வேண்டும். முன்பே பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு இயங்கும் 'சாம்ப்ளர்' மென்பொருள்களும் உண்டு. அவற்றிலும் சுருதியை மாற்றுவது, பல ஒலிகளைக் கலப்பது போன்ற வேலைகள் கணக்கீடுகளே.

பெல் ஆய்வுக்கூடம், 1957

இந்த வழியில் முதலில் இசை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் மேக்ஸ் மேத்யூஸ். நியூ செர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி ஒலி பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டிருந்த அவர், 1957ல் 'மியூசிக்' என்னும் நிரலை எழுதினார். அதனைக் கொண்டு அவருடைய சக ஆய்வாளர் நியூமன் குட்மன் 17 வினாடி நீளமுள்ள சிறு இசைத்துண்டு ஒன்றை உருவாக்கினார்.

நிரல் இயங்கிய ஐ.பி.எம். 704 கணினி மரே ஹில்லில் இல்லை. நியூயார்க் நகரில் இருந்தது. கணினி எண்களைக் காந்த நாடாவில் எழுதித் தரும். அந்த நாடாவை மரே ஹில்லுக்கு எடுத்துச் சென்று, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கருவியில் ஓடவிட்ட பிறகே ஒலியைக் கேட்க முடியும். ஒரு சுரம் தவறாக அமைந்திருந்தால் நிரலைத் திருத்தி, மறுபடியும் கணக்கிட்டு, மறுபடியும் நாடாவைக் கொண்டுவர வேண்டும். ஒலிக்கும் நேரத்தைவிடக் கணக்கிடும் நேரம் பன்மடங்கு அதிகமாக இருந்தது. அங்கே இசையமைக்க முடிந்தது, வாசிக்க முடியவில்லை.

ஆயினும் மேத்யூஸ் வகுத்த அமைப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. அலையை உண்டாக்கும் அலையியற்றி, அலைகளைக் கூட்டும் பகுதி, வடிப்பான் போன்ற சிறு அலகுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு கருவியை அமைக்கும் முறையை 1960ஆம் ஆண்டளவில் தம் நிரலில் அவர் கொண்டுவந்தார். இன்றைய மென்பொருள்களின் திரையில் காணப்படும் பெட்டிகளும் இணைப்புகளும் அதே முறையைப் பின்பற்றுபவை.

1961ல் பெல் ஆய்வுக்கூடக் கணினி 'டெய்சி பெல்' என்னும் பழைய ஆங்கிலப் பாடலைப் பாடியது. குரலை ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும் அமைத்தார்கள். பின்னணி இசையை மேத்யூஸ் அமைத்தார். இலங்கையில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சென்றிருந்தபோது இதைக் கேட்டார். 1968ல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில், செயலிழந்துகொண்டிருக்கும் கணினி அதே பாடலைப் பாடுகிறது.

கணினி வாசிக்க முடியாத காலம்

கணினியில் காத்திருக்க வேண்டியிருந்த அதே காலத்தில் மின்சுற்றுகள் உடனுக்குடன் ஒலித்தன. 1964ல் ராபர்ட் மூக் தமது மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சிந்தசைசரை உருவாக்கினார். 1970ல் வந்த மினிமூக், ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய அளவில் அமைந்து மேடைகளில் இடம்பிடித்தது. மேத்யூசும் இக்காலத்தில் வேறு வழியில் முயன்றார். ரிச்சர்ட் மூர் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'குரூவ்' என்னும் அமைப்பில் ஒலியை மின்சுற்றுகளே எழுப்பின. கணினியின் வேலை, வாசிப்பவரின் கையசைவுகளைப் பதிந்து மின்சுற்றுகளைக் கட்டுப்படுத்துவது மட்டுமே. ஒலியைக் கணக்கிடும் அளவுக்குக் கணினிகள் வேகம் பெறாததால் ஏற்பட்ட உடன்பாடு அது.

கணக்கீட்டைக் குறைக்கும் வழி ஒன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1967ல் ஜான் சௌனிங், ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் வேகமாக மாற்றினால், இரண்டே அலையியற்றிகளில் செறிவான ஒலி கிடைப்பதைக் கண்டார். இயற்பியல் பாடத்தில் வானொலி பற்றிப் படிக்கும்போது வரும் அதிர்வெண் பண்பேற்றமே இது. இம்முறையை அவர் 1973ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்திடமிருந்து இதற்கான உரிமத்தைப் பெற்ற யமகா நிறுவனம் 1983ல் டி.எக்ஸ்.7 என்னும் கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலிக்கக்கூடிய இக்கருவி உலகெங்கும் பரவியது. அதனுள் இருந்தது கணக்கீடுதான் என்றாலும், அந்தக் கணக்கீட்டை அதற்கெனவே செய்யப்பட்ட சில்லுகள் செய்தன. பொதுப் பயன்பாட்டுக் கணினி இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

அதே 1983ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. 'மிடி' எனப்படும் பொது மொழி இவ்வாறு அறிமுகமாயிற்று. இதனை உருவாக்க முன்னின்றவர்கள் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ ககெஹாஷியும் ஆவர். 'இந்தச் சுரம் இந்த விசையுடன் அழுத்தப்பட்டது' என்னும் செய்தியை மட்டுமே மிடி கடத்துகிறது, ஒலியைக் கடத்துவதில்லை. ஆகவே கட்டைகள் ஓரிடத்திலும் ஒலியை உண்டாக்கும் பகுதி வேறோரிடத்திலும் இருக்கலாம் என்றாயிற்று. பிற்காலத்தில் அந்த வேறோரிடம் கணினியாக அமைவதற்கு இதுவே வழிவகுத்தது.

1996 முதல் 1999 வரை

வீட்டுக் கணினிகள் போதிய வேகம் பெற்ற 1990களின் பிற்பகுதியில் நான்கு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996ல் வி.எஸ்.டி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. ஓர் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் பிறர் எழுதிய சிறு நிரல்களைச் செருகிப் பயன்படுத்த இது வழிசெய்தது. இந்த நிரல்களே 'பிளக்-இன்' எனப்படுகின்றன. விதிமுறைகளைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த ஸ்டைன்பர்க் அனுமதித்ததால் பிளக்-இன்கள் பெருகின. 1999ல் வந்த இரண்டாம் பதிப்பு, பிளக்-இன்கள் மிடி செய்தியைப் பெறவும் வகைசெய்தது. அதன் பின்னர் சிந்தசைசரே ஒரு பிளக்-இன் ஆக முடிந்தது.

இதே காலத்தில் ஸ்டைன்பர்க் 'ஆசியோ' என்னும் மற்றொரு முறையையும் கொண்டுவந்தது. அதற்கு முன் விண்டோசு கணினியில் ஒரு நிரலின் ஒலி, இயங்குதளத்தின் பல அடுக்குகளைக் கடந்தே ஒலி அட்டையை அடைந்தது. அதனால் கட்டையை அழுத்தியபின் ஒலி பிந்தி வருவது காதுக்கே தெரிந்தது. ஆசியோ அந்த அடுக்குகளைத் தவிர்த்து நேர்வழி அமைத்தது. கணினியை வாசிக்கத்தக்க கருவியாக மாற்றியதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

1997ல் இரண்டு மென்பொருள்கள் கவனம் பெற்றன. ஒன்று, டேவ் ஸ்மித்தின் சீர் சிஸ்டம்ஸ் வெளியிட்ட 'ரியாலிட்டி'. தனியாள் கணினியில் இயங்கிய முதல் தொழில்முறை மென்பொருள் சிந்தசைசராக இது குறிப்பிடப்படுகிறது. மற்றொன்று, சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் வெளியிட்ட 'ரீபர்த்'. இது ரோலண்ட் நிறுவனத்தின் பழைய பேஸ், தாளக் கருவிகளைத் திரையில் மீட்டுத் தந்தது. பெர்லினில் 1996ல் தொடங்கிய நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், பிரான்சின் ஆர்ட்டூரியா ஆகியவை தொடர்ந்து பழைய சிந்தசைசர்களை மென்பொருளாக்கின.

ஒரு முரண் இங்கே கவனிக்கத்தக்கது. மிடி உருவாகக் காரணமானவரும், முதல் தொழில்முறை மென்பொருள் சிந்தசைசரை வெளியிட்டவருமான டேவ் ஸ்மித், 2002ல் மீண்டும் திருகுகளும் பொத்தான்களும் கொண்ட வன்பொருள் கருவிகளைச் செய்யத் தொடங்கி, 2022ல் மறையும் வரை அத்தொழிலிலேயே இருந்தார். வன்பொருளை மென்பொருள் முற்றாக அகற்றிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

தாமதத்தின் கணக்கு

கணினி எண்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. ஒரு தொகுதி நிரம்பியதும் மொத்தமாக அனுப்புகிறது. இந்தத் தொகுதி 'பஃபர்' எனப்படும். மாதிரி வீதம் வினாடிக்கு 44,100 எனக் கொண்டால், 128 எண்கள் கொண்ட பஃபரின் நேரம் 128 ÷ 44,100, அதாவது ஏறத்தாழ 2.9 மில்லி வினாடி. 512 எண்கள் எனில் 11.6 மில்லி வினாடி. 1,024 எண்கள் எனில் 23.2 மில்லி வினாடி. ஒலி அட்டையும் இயக்கி நிரலும் சேர்க்கும் தாமதம் இதற்கு மேல் வரும்.

இந்த எண்களின் பொருளைத் தூரத்தால் உணரலாம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மில்லி வினாடியில் 34 சென்டிமீட்டர். ஆகவே 3 மில்லி வினாடித் தாமதம் என்பது ஒலிபெருக்கி ஒரு மீட்டர் தள்ளியிருப்பதற்குச் சமம்; வாசிப்பவர் அதை உணர்வதில்லை. 23 மில்லி வினாடி என்பது ஏறத்தாழ எட்டு மீட்டர் தூரம். அந்நிலையில் வேகமான தாளத்துடன் சேர்ந்து வாசிப்பது கடினம்.

அப்படியானால் எப்போதும் சிறிய பஃபரையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பஃபர் சிறியதானால் செயலிக்குக் கிடைக்கும் அவகாசமும் சிறியதாகிறது. குறித்த நேரத்துக்குள் எண்கள் ஆயத்தமாகாவிட்டால் ஒலி அறுந்து, 'டப்' என்ற வெடிப்பு கேட்கும். இனிமையான ஒலிக்காக அதிகம் கணக்கிடும் மென்பொருள்களே இந்த நெருக்கடிக்கு எளிதில் உள்ளாகின்றன. மேடைக்கும் கூடத்துக்கும் உரிய தேர்வுகள் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கான தேர்வு

கூடத்தில் நேரத்தைத் திரும்பப் பெற முடியும். வாசிப்பு முதலில் மிடி செய்தியாகப் பதிவாகிறது. ஒலியின் தாமதத்தைப் பதிவு மென்பொருளே ஈடுசெய்துவிடும். கனமான கருவியின் ஒலியைத் தற்காலிகமாகக் கோப்பாக மாற்றி வைத்து, செயலியின் சுமையைக் குறைக்கும் 'ஃபிரீஸ்' வசதியும் உண்டு. இறுதிக் கலவையின்போது கணினி ஒரு நிமிட இசைக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் யாரும் பாதிக்கப்படுவதில்லை. மேத்யூசின் 1957ஆம் ஆண்டு முறை இங்கே இன்னும் செல்லுபடியாகிறது.

ஆகவே கூடத்துக்கு, ஒலித்தரத்தையும் நுணுக்கமான மாற்றங்களுக்கு இடமளிக்கும் தன்மையையும் முதன்மையாகக் கொள்ளலாம். ஜெர்மனியின் யூ-ஹி நிறுவனத்தின் 'டிவா' ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பழைய மின்சுற்றுகளை நுணுக்கமாகக் கணக்கிட்டுக் காட்டும் இம்மென்பொருளில் கணக்கீட்டுத் துல்லியத்துக்குப் பல படிநிலைகள் உள்ளன. வாசிக்கும்போது குறைந்த படிநிலையையும், இறுதிக் கோப்பை எழுதும்போது உயர்ந்த படிநிலையையும் பயன்படுத்தலாம்.

மேடைக்கான தேர்வு

மேடையில் போன கணம் திரும்பாது. மேடைக்கெனவே உருவான மென்பொருள்கள் இதை உணர்ந்து வந்தவை. 2001ல் வெளிவந்த ஏபிள்டன் லைவ், இசைத்துண்டுகளை நிறுத்தாமல் மாற்றி மாற்றி ஒலிக்க உதவியது. 2007ல் ஆப்பிள் வெளியிட்ட மெயின்ஸ்டேஜ், ஒரு கச்சேரிக்கு வேண்டிய ஒலிகளை வரிசைப்படி அடுக்கி, ஒரு பொத்தானில் மாற்ற வழிசெய்தது.

மேடைக்கு மென்பொருளைத் தேர்வோர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, சிறிய பஃபரில், இரு கைகளாலும் நிறைய சுரங்களை அழுத்தி, பெடலையும் பிடித்திருக்கும்போது ஒலி அறுகிறதா? ஒரு சுரத்தில் நன்றாக இருக்கும் மென்பொருள் பத்துச் சுரத்தில் திணறலாம். மெதுவாக எழும் வயலின் குழு போன்ற ஒலியில் சிறு தாமதம் மறைந்துவிடும். பியானோ, மிருதங்கம் போல் சட்டென எழும் ஒலியில் மறையாது. மாறாத சிறு தாமதத்துக்கு வாசிப்பவரின் கை பழகிக்கொள்ளும்; கூடியும் குறைந்தும் வரும் தாமதத்துக்குப் பழகவே முடியாது.

இரண்டாவது, ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு மாறும்போது இடைவெளி விழுகிறதா? பெரிய சாம்ப்ளர் கருவிகள் ஒலிகளை நினைவகத்தில் ஏற்ற நேரம் எடுத்துக்கொள்ளும். கச்சேரிக்கு வேண்டியவை முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, இணையமின்றி இயங்குமா? சில மென்பொருள்கள் உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தை நாடும்; சிலவற்றுக்கு யு.எஸ்.பி. சாவி தேவை. கச்சேரி மண்டபத்தில் இணையம் இல்லாமலிருக்கலாம். சாவி வீட்டில் தங்கிவிடலாம். கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பையும் மின்சேமிப்பு முறையையும் நிறுத்தி வைப்பதும் இதனோடு சேர்ந்ததே.

நான்காவது, கையால் எதை மாற்ற முடியும்? திரையில் சுட்டியைத் தேடிக்கொண்டு யாரும் வாசிக்க முடியாது. மென்பொருளின் முக்கியக் கட்டுப்பாடுகளைக் கீபோர்டின் திருகுகளோடு இணைக்க முடிய வேண்டும்.

நம் இசைக்கு இந்த நான்காம் கேள்வி மிகவும் பொருந்தும். பழைய மிடி முறையில் சுருதியை வளைக்கும் சக்கரம், அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாகவே வளைக்கும். ஒரு சுரத்துக்கு மட்டும் கமகம் கொடுத்து, மற்றொன்றை அசையாமல் நிறுத்த முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தந்து இக்குறையைப் போக்கும் எம்.பி.இ. முறை 2018ல் மிடியின் பகுதியாக ஏற்கப்பட்டது. ஏ. ஆர். ரகுமான் மேடையில் வாசிக்கும் கான்டினூம் ஃபிங்கர்போர்டு, கட்டைகளே இல்லாத வழுவழுப்பான பரப்பில் விரலை இழுத்துச் சுருதியைத் தொடர்ச்சியாக நகர்த்தும் கருவி. அத்தகைய கருவியோடு இணைக்கக் கருதுவோர், மென்பொருள் எம்.பி.இ. முறையை ஏற்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகும் கணினி நின்றுபோகக்கூடும். அதனால் பெரிய நிகழ்ச்சிகளில் இரு கணினிகளை ஒரே நேரத்தில் இயக்கி, ஒன்று நின்றால் மற்றதற்கு மாறும் ஏற்பாட்டைச் செய்கின்றனர். சிறிய நிகழ்ச்சிகளுக்கு, தானே ஒலிக்கும் சாதாரணக் கீபோர்டு ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

மென்பொருளின் ஆயுள்

பராமரித்து வந்தால் 1970ஆம் ஆண்டு மினிமூக் இன்றும் ஒலிக்கும். மென்பொருளுக்கு அந்த உறுதி இல்லை. ரீபர்த் 2005ல் நிறுத்தப்பட்டது. பின்னர் கைப்பேசிக்கும் ஐபேடுக்கும் வந்த அதன் பதிப்பு, ரோலண்டின் அறிவுசார் சொத்துரிமைக் கோரிக்கையால் 2017ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2019ல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32 பிட் நிரல்களை ஏற்க மறுத்தபோது, புதுப்பிக்கப்படாத பல பிளக்-இன்கள் ஒரே நாளில் ஊமையாயின. அவற்றைக் கொண்டு அமைத்த பழைய பாடல் கோப்புகளைத் திறந்தாலும் அந்தத் தடங்கள் ஒலிக்கவில்லை.

இதற்குத் தற்காப்பு எளிது. பாடல் முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் ஒலிக்கோப்பாகவும், மிடிக் கோப்பாகவும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். மென்பொருள் மறைந்தாலும் இசை தங்கும்.

மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருள்கள் நீண்டு வாழும் வாய்ப்பு அதிகம். வணிகப் பொருளாக இருந்த 'சர்ஜ்' என்னும் சிந்தசைசரை அதன் ஆசிரியர் 2018ல் திறந்த மூலமாக்கினார். தன்னார்வலர்கள் இன்றும் அதை வளர்த்து வருகின்றனர். டி.எக்ஸ்.7 கருவியை ஒத்த 'டெக்ஸ்டு', அந்தக் கருவிக்கென 1980களில் எழுதப்பட்ட ஒலி அமைப்புகளையும் படிக்கிறது. மேத்யூசின் நிரல் வழியில் பேரி வெர்கோ மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களின் நடுவில் உருவாக்கிய 'சிசவுண்ட்' இன்றும் வழக்கில் உள்ளது. மூன்றுமே இலவசம்.

பணம் செலவழித்து எதையும் வாங்குமுன் மாணவர்கள் இவற்றில் ஒன்றை நிறுவி ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பியானோ போன்ற ஒலியைத் தேர்ந்தெடுத்து, பஃபரை 1,024க்கு வைத்து, தெரிந்த ஒரு மெட்டை வேகமாக வாசிக்க வேண்டும். பின்னர் 128க்குக் குறைத்து அதே மெட்டை வாசிக்க வேண்டும். வேறுபாட்டை விரல்களே சொல்லும். 128ல் ஒலி அறுந்தால், அந்த மென்பொருளோ கணினியோ மேடைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள். கூடத்தில் அதற்கு வேலை இருக்கிறது.